திரும்பும் நாளிலிருந்து தொடங்குங்கள்: குழந்தைப்பேறு சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு வருவோருக்கு

குழந்தைப்பேறு சிகிச்சைக்காக வேறொரு நாட்டுக்குப் புறப்படும் தம்பதியர், போகும் பயணத்தை மிகவும் நுணுக்கமாகத் திட்டமிடுகிறார்கள். எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, எத்தனை நாள் விடுப்பு என்று பல மாதங்கள் கணக்குப் போடுகிறார்கள். திரும்பி வரும் நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, பேசினாலே அபசகுனம் என்று அஞ்சுகிறார்கள். நான் பட்டும் பார்த்தும் அறிந்த வரையில், மனத்தை அதிகம் நொறுக்குவது அந்தத் திரும்பும் பயணம்தான். ஆகவே இந்த வழிகாட்டியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானும் என் கணவரும் மஸ்கட்டில் வேலையில் இருந்த காலத்தில், ஐவிஎஃப் சிகிச்சைக்காக, அதாவது முட்டையையும் விந்தையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சைக்காக, இரண்டு முறை பெங்களூருக்கு வந்தோம். இருவருக்குமே சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால், பெங்களூர் எங்களுக்கு மஸ்கட்டைவிட அந்நியமாக இருந்தது. முதல் முறை, கணவரின் விடுப்பு முடியும் தேதியைப் பார்த்துத் திரும்பும் பயணச்சீட்டை வாங்கியிருந்தோம். கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் அதே நாளில் அமைந்துவிட்டது. காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. "நெகட்டிவ் வந்திருக்கிறது, மருந்துகளை நிறுத்திவிடலாம்" என்பதோடு செய்தி முடிந்தது. கைப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டே அதைக் கேட்டேன். விமானத்தில் எனக்கு அடுத்த இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அழவும் முடியாமல், கணவரிடம் ஒரு சொல் பேசவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னர் நாங்கள் பெங்களூருக்கே குடிவந்துவிட்டோம். அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில், சமையலறையோடு கூடிய ஓர் அறையைச் சிகிச்சைக்கு வரும் தமிழ்த் தம்பதியருக்கு வாடகைக்கு விடுகிறோம். யாழ்ப்பாணம், கொழும்பு, மலேசியாவின் கிள்ளான், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பல இடங்களிலிருந்து வந்து தங்கிச் சென்றிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்லள். மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அந்த மாடி அறையில் நான் கண்டவற்றையும் எனக்கு நேர்ந்தவற்றையும் கொண்டு, மனத்தை எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதல் விதி இதுதான்: முடிவு தெரியும் நாளில் விமானம் ஏறாதீர்கள். கருவைக் கருப்பையில் வைத்த பிறகு, பெரும்பாலும் 10 முதல் 14 நாள்களுக்குள் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பரிசோதனைக்குப் பின் குறைந்தது மூன்று நாள் கழித்துத் திரும்பும்படியும், தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய விதத்திலும் சீட்டு வாங்குங்கள். அவ்வளவு நாள் தங்க முடியாதவர்கள், மருத்துவர் அனுமதித்தால், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே ஊருக்குத் திரும்பி, அங்குள்ள பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுக்கலாம். பீட்டா எச்சிஜி என்ற அந்தப் பரிசோதனை எல்லா நாடுகளிலும் சாதாரணமாகச் செய்யப்படுவதுதான். முடிவை அந்நிய ஊரில் ஓர் அறைக்குள் இருந்து கேட்பதா, சொந்த வீட்டில் இருந்து கேட்பதா என்பதை நீங்கள் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வழியில் கேட்கும் நிலை மட்டும் வேண்டாம்.

புறப்படும் முன் பேசி முடிக்க வேண்டியவை

கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து, எத்தனை முறை முயல்வது, எவ்வளவு பணம் வரை செலவிடுவது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐவிஎஃப் ஒரே முறையில் பலித்துவிடும் என்ற உறுதி யாருக்கும் இல்லை, பெண்ணின் வயது கூடக் கூட வாய்ப்புக் குறைகிறது. முதல் முயற்சி தவறிய அன்று, வேற்றூரில், துக்கத்தின் நடுவே, "உடனே இன்னொரு முறை செய்வோமா?" என்ற கேள்விக்கு விடை தேடுவது கொடுமை. நாங்கள் இரண்டு முறை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இரண்டாவதும் தவறியபோது அந்தப் பேச்சுத்தான் எங்களை நிறுத்தியது. அது இல்லாதிருந்தால் நகையை விற்றாவது மூன்றாம் முறை வந்திருப்போம், ஒருவரையொருவர் குறை சொல்லவும் தொடங்கியிருப்போம். எழுதி வைத்த எண்ணிக்கையைப் பின்னால் மாற்றக் கூடாது என்பதில்லை. மாற்றுவதானால் ஊர் திரும்பி ஒரு மாதமாவது கழிந்த பிறகு மாற்றுங்கள்.

அடுத்து, யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்யுங்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியைத் திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தாம் இந்தப் பயணத்தை மேற்கொள்கிறார்கள். எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டால், கருவை வைத்த மறுநாளிலிருந்தே கைபேசி ஓயாது. ஒருவரிடமும் சொல்லாமல் வந்தாலோ, உடைந்துபோகும் நாளில் அழைத்துப் பேச ஆளிருக்காது. இரண்டு பேரிடம் சொல்லுங்கள், பெண்ணுக்கு நெருக்கமான ஒருவர், ஆணுக்கு நெருக்கமான ஒருவர். மற்றவர்களுக்குச் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை இருவரும் சேர்ந்து தயாரித்துக்கொள்ளுங்கள். "விடுப்பில் ஒரு மாதம் பெங்களூர் போகிறோம், வந்து பேசுகிறோம்" என்பது போதும். கணவன் ஒரு காரணமும் மனைவி வேறொரு காரணமும் சொல்லி மாட்டிக்கொண்டு, அதனால் சிகிச்சையின் நடுவே சண்டையிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிகிச்சை பெறும் பெண் 21 வயதுக்கு மேற்பட்டும் 50 வயதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். ஆணுக்கு அந்த வரம்பு 21 முதல் 55 வரை. கணவருக்கு 56 வயது நிறைந்த ஒரு தம்பதி, இது தெரியாமல் கடன் வாங்கி வந்து, முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டு எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என்னை உறுத்துகிறது. வயதுச் சான்று, திருமணச் சான்று, விசா வகை ஆகியவற்றை மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் பதில் பெற்ற பிறகே சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வராமல் மருத்துவ விசாவிலேயே வாருங்கள். உடன் வருபவருக்கும் அதற்குரிய தனி விசா உண்டு. திருட்டுத்தனமாகச் செய்கிறோம் என்ற உணர்வு ஏற்கெனவே பலருக்கு இருக்கிறது, விசாவைப் பற்றிய பயமும் அதோடு சேர வேண்டாம்.

நாள் கணக்கும் வீடும்

மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், கருமுட்டைகளை வளரத் தூண்டும் ஊசி தொடங்கும். அது பெரும்பாலும் 8 முதல் 14 நாள் வரை நீளும். இடையிடையே ஸ்கேன் உண்டு. முட்டைகளை முதிரச் செய்யக் கடைசியாகப் போடும் டிரிகர் ஊசிக்குப் பின் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் கருமுட்டைகளை எடுப்பார்கள். கரு மூன்று அல்லது ஐந்து நாள் ஆய்வகத்தில் வளர்ந்த பிறகு கருப்பையில் வைக்கப்படும். அதன்பின் காத்திருப்பு. எல்லாம் சேர்த்து ஒரு மாதம் போல ஆகும். ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), விந்து பரிசோதனை, தொற்றுநோய்ப் பரிசோதனைகள் முதலியவற்றில் எவற்றை உங்கள் ஊரிலேயே செய்துகொண்டு வரலாம் என்று கேளுங்கள். செலவு குறைவதைவிட, அந்நிய ஊரில் வெறுமனே கழியும் நாள்கள் குறைவதே பெரிய ஆதாயம்.

இந்தக் கணக்கு பிசகக்கூடியது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு வாருங்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டாலோ, கருப்பையின் உட்சுவர் போதிய தடிமன் பெறாவிட்டாலோ, "இந்த மாதம் கருவை வைக்க வேண்டாம், உறைய வைத்துவிட்டு அடுத்த முறை வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லலாம். உள்ளூரில் இருப்பவருக்கு அது ஒரு மாதத் தாமதம். கடல் கடந்து வந்தவருக்கோ இன்னொரு விடுப்பு, இன்னொரு விமானம், மேலாளரிடம் இன்னொரு பொய். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு கதறியவர்கள் பலர். அது உங்கள் பாதுகாப்புக்காகவும் அடுத்த முயற்சி பலிப்பதற்காகவும் எடுக்கப்படும் முடிவு. "உறைய வைக்கும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு?" என்று வரும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இரண்டு பயணங்கள் என்றே மனத்தளவில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு விடுப்புக் குறைவு என்றால், கருமுட்டை எடுக்கும் நாளிலாவது அவர் உடனிருக்கும்படி திட்டமிடுங்கள். அதன்பின் அவர் கிளம்பிவிட, மனைவி தனியாக இருக்கும் நாள்கள்தாம் மிகவும் கடினமானவை. அப்போது உடனிருக்க யாரை அழைப்பது என்பதில் கடமையைப் பார்க்காதீர்கள். அம்மாவோ மாமியாரோதான் வர வேண்டும் என்பதில்லை. நீங்கள் அழுதால் தானும் சேர்ந்து உடைந்துபோகாத ஒருவர், பேசாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் போதும்.

தங்கும் இடத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனைக்கு அருகே, சமையலறையும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீடாகப் பாருங்கள். சில ஊசி மருந்துகளைக் குளிரில் வைத்தாக வேண்டும். பெங்களூர்ச் சாலை நெரிசலில் காலை ஸ்கேனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆட்டோவில் போவது, ஊசியால் வீங்கிய வயிற்றோடு இருப்பவருக்குத் தண்டனை. சமையலறை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள பல ஓட்டல்களில் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள். மூன்றாம் நாளே அந்த இனிப்புச் சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணீர் விட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு, அவர் கொண்டுவந்திருந்த தூளைப் போட்டுத் தாமே ஒரு கறி வைத்துக்கொண்ட பிறகுதான் முகம் தெளிந்தது. டிசம்பரில் வருபவர்கள் கம்பளிச் சட்டை கொண்டுவாருங்கள், கிள்ளானிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருபவர்கள் இந்தக் காலைக் குளிரை எதிர்பார்ப்பதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜி நகர்ப் பக்கங்களில் கடையிலும் ஆட்டோவிலும் தமிழிலேயே பேசிவிடலாம். மருத்துவமனைக்குள் அப்படி எதிர்பார்க்க முடியாது. செவிலியர் கன்னடத்திலும் மலையாளத்திலும் பேசிக்கொள்வார்கள். படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரின் பெயரை முதல் நாளே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வலியையும் பயத்தையும் தாய்மொழியில் சொல்ல முடிவது, ஊசி போடும் கையைவிடப் பெரிய ஆறுதல்.

ஊசி நாள்களும் ஒப்புதல் படிவமும்

ஊசி போடும் நாள்களில் காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரலாம். ஹார்மோன் மருந்துகள் மனநிலையை அசைக்கக் கூடியவை. கணவர்மார் இதை முன்பே அறிந்திருந்தால், சிறு சொல்லுக்கும் வெடிப்பதைத் தம்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் "மனசுதான் காரணம்" என்று தள்ளிவிடவும் கூடாது. வயிறு கடுமையாக உப்புவது, எடை மளமளவென்று ஏறுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவை சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிய ஊரில் நள்ளிரவில் தொந்தரவு செய்யத் தயங்கி விடியும்வரை பொறுத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையை அழையுங்கள், அதன் அவசர எண்ணை முதல் நாளே சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஒப்புதல் படிவங்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெற்றி வாய்ப்பு, நன்மை, தீமை, அபாயம் எல்லாவற்றையும் பற்றித் தம்பதியருக்கு ஆலோசனை வழங்குவது மருத்துவமனையின் கடமை என்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. அது நமக்குச் செய்யும் உபகாரம் அன்று, கேட்டுப் பெற வேண்டிய உரிமை. கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நேரம் வரை, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. குறிப்பாகத் தானக் கருமுட்டை பற்றிய பேச்சை இங்கே வந்த பிறகுதான் பலர் முதன்முறையாகக் கேட்கிறார்கள். "உங்கள் முட்டை போதாது, தானமாகப் பெறுவோமா? நாளைக்குள் சொல்லுங்கள்" என்றால், அந்த இரவு எப்படிக் கழியும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு கேள்வி வந்தால் ஏற்பதா மறுப்பதா என்பதைப் புறப்படும் முன்பே இருவரும் பேசியிருங்கள். பேசாமல் வந்துவிட்டால், கேட்ட நாளிலேயே பதில் சொல்லாதீர்கள். உறைய வைத்துவிட்டு ஊர் போய் யோசித்து வரலாம் என்றால் அதையே செய்யுங்கள்.

கருமுட்டை எடுத்த பிறகு ஆய்வகத்திலிருந்து வரும் எண்ணிக்கைகள் வேறு ஒரு சோதனை. பன்னிரண்டு முட்டை கிடைத்தது என்று மகிழ்ந்தவருக்கு, மறுநாள் அவற்றில் எட்டுத்தான் கருவுற்றன என்றும், ஐந்தாம் நாள் மூன்றுதான் மிஞ்சின என்றும் சொல்லப்படலாம். இப்படிக் குறைந்துகொண்டே வருவது இயல்பானது. எல்லா முட்டையும் முதிர்ந்திருக்காது, முதிர்ந்தவை எல்லாம் கருவுறாது, கருவுற்றவை எல்லாம் ஐந்தாம் நாளை எட்டாது. அழைப்பு யார் கைபேசிக்கு வர வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை மருத்துவமனையிடம் சொல்லி வையுங்கள். மனைவி கேட்க விரும்பாவிட்டால் கணவர் கேட்கட்டும்.

காத்திருக்கும் நாள்கள்

ஊசியும் ஸ்கேனும் இருந்தவரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. கருவை வைத்த பிறகு திடீரென்று ஒன்றும் இல்லை. ஊரில் இருந்தால் அலுவலகமோ பள்ளியோ வீட்டு வேலையோ மனத்தை இழுத்துப் பிடிக்கும். இங்கே நான்கு சுவரும் கைபேசியும்தான். எங்கள் மாடியில் தங்கியவர்களில் பலர், இந்த நாள்களில் கட்டிலை விட்டு இறங்காமல் இருந்திருக்கிறார்கள். இறங்கினால் கரு நழுவிவிடும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. படுத்தே கிடப்பதால் வெற்றி வாய்ப்புக் கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை நடக்கலாம், சமைக்கலாம், கோயிலுக்குப் போகலாம். அல்சூர் சோமேசுவரர் கோயில் வரை மெல்ல நடந்து போய் வருவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். சிலர் ஏரிக்கரைப் பக்கம் போய், 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஊர் நினைவு கொஞ்சம் ஆறும் என்பார்கள்.

இந்த நாள்களுக்கென்று கைக்கு ஒரு வேலை கொண்டுவாருங்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண், தம் பாட்டியின் சமையல் குறிப்புகளை எல்லாம் நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதி முடித்தார். பன்னிரண்டு நாளுக்கு அது சரியாக இருந்தது. தொலைக்காட்சித் தொடரை நம்பி வராதீர்கள், ஏதாவது ஒரு காட்சியில் வளைகாப்பு வந்துவிடும்.

உடம்பின் ஒவ்வோர் அசைவையும் பொருள் கொண்டு பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம். மார்பு வலி, வயிற்று உப்பசம், சோர்வு ஆகியவை கர்ப்பத்தின் அறிகுறிகள்தாம், ஆனால் கருவை வைத்த பின் கொடுக்கும் புரோஜெஸ்ட்ரோன் மருந்தும் அதே அறிகுறிகளைத் தரும். ஆகவே வலி இருப்பதால் மகிழவும் வேண்டாம், இல்லாததால் கலங்கவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பரிசோதனை அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பல டிரிகர் ஊசிகளில் இருப்பது, அந்த அட்டை தேடும் அதே எச்சிஜி ஹார்மோன்தான், அது உடம்பில் மிச்சமிருந்தால் பொய்யான இரட்டைக் கோடு தோன்றும். மிகவும் முன்னதாகப் பார்த்தால் உண்மையான கர்ப்பத்தையும் அது காட்டாமல் போகலாம். இரண்டுமே ஒரு மனிதர் தனியறையில் தாங்கக் கூடிய அடிகள் அல்ல.

கோயில் நேர்த்திக்கடன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பலருக்குத் தஞ்சைப் பக்கத்துத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசிக்கும் ஆவல் இருக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே போய் வந்துவிடுங்கள். ஊசியால் சினைப்பை பெருத்திருக்கும் நாள்களில் நீண்ட சாலைப் பயணம் வேண்டாம். போக முடியாமற்போனால் அதை ஒரு குற்றமாகச் சுமக்காதீர்கள். "வேண்டுதலை நிறைவேற்றாததால்தான் தவறிவிட்டது" என்று பிறகு சொல்வதற்கு உறவில் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

அதைப் போலவே "நீ கவலைப்பட்டதால்தான் பலிக்கவில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. நானே என்னிடம் அப்படிச் சொல்லிக்கொண்டேன். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3583 பெண்களின் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கலக்கம், அந்தச் சுற்றில் கர்ப்பம் தரிப்பதைப் பாதிக்கவில்லை என்பதே அதன் முடிவு. இதைத் தாளில் எழுதி மாடி அறையின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அழுகை வந்தால் அழுங்கள், அதனால் கரு போய்விடாது.

முடிவு வரும் நாள்

இருவரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் மட்டும் அழைக்கச் சொல்லுங்கள். கணவர் வேற்று நாட்டில் இருந்தால், முதலில் அவரை இணைப்பில் வரச் செய்த பிறகு மருத்துவமனையின் அழைப்பை எடுங்கள். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்வது இருவருக்குமே பாரம். அன்று சமைக்க வேண்டாம்படி முந்தின நாளே சோறும் ரசமும் ஏற்பாடு செய்து வையுங்கள். ஊரில் இருக்கும் அந்த இரண்டு நம்பிக்கையானவர்களுக்கு நீங்களே தகவல் சொல்வீர்கள், அவர்கள் அழைத்துக் கேட்கக் கூடாது என்றும் பேசி வையுங்கள்.

பரிசோதனையில் "கர்ப்பம் இல்லை" என்று வந்தால், அன்றும் மறுநாளும் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். "அடுத்த சுற்றுக்குச் சலுகை உண்டு" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். என்ன நடந்தது என்று மருத்துவரிடம் கேட்கும் சந்திப்பை இரண்டு வாரம் கழித்து, காணொளி அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவர் சொல்வது எதுவும் மனத்தில் தங்காது. ஆம் என்று வந்தாலும் பயம் விட்டுவிடுவதில்லை. இதயத் துடிப்பைக் காட்டும் முதல் ஸ்கேன் வரை இன்னும் சில வாரம் உண்டு. உங்கள் ஊரில் அந்த ஸ்கேனைச் செய்யப்போகும் மருத்துவரை முன்பே பேசி வைத்திருந்தால், நாடு மாறும்போது கைவிடப்பட்டது போன்ற உணர்வு வராது.

இந்த நாளில் ஆண்களை மறந்துவிடுகிறோம். ஊசி போட்டது அவருக்கு அல்ல என்பதால் துக்கமும் அவருக்கு இல்லை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், அவரும் அப்படியே நடந்துகொள்கிறார். என் கணவர் முதல் தோல்விக்குப் பிறகு ஒரு வாரம் வரை கணக்குப் புத்தகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கணக்கு எழுதவில்லை, அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பதைப் பல மாதம் கழித்துத்தான் அறிந்தேன். மனைவியை விசாரிக்கும் உறவினர்கள் கணவரையும் தனியாக அழைத்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

விட்டுச் செல்லும் கருக்கள்

இதைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உறைய வைத்த கருக்கள் இங்கே இருக்க, நீங்கள் வேறொரு நாட்டுக்குத் திரும்புகிறீர்கள். பெங்களூரிலிருந்து கிளம்பும்போது "பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோம்" என்று சொன்ன தாய்மாரை நான் அறிவேன். கருவை எப்படிப் பெயரிட்டு நினைப்பது என்பது அவரவர் மனத்தைச் சேர்ந்தது, அதில் சரி தவறு இல்லை. ஆனால் நடைமுறை விவரங்களைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிரிவின் கலக்கம் ஓரளவு தணியும். எத்தனை கருக்கள், எந்த நாள் உறைய வைக்கப்பட்டவை, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எந்த மாதம் கட்ட வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு செல்லுங்கள். இந்தியச் சட்டப்படி 10 ஆண்டுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. சொந்தக் கருவை உங்கள் நாட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பினால், உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு என்ற அளவில் இந்தச் சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதியைப் பெற வேண்டும். எளிதில் தூக்கிச் செல்லலாம் என்று எண்ணி வராதீர்கள்.

ஆண்டுதோறும் கட்டண நினைவூட்டல் வரும் நாள் ஒரு துக்க நாளாகிவிடுவதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். முயற்சியைத் தொடர்வதா, கருக்களை அழிக்கச் சொல்வதா, தள்ளிப்போடுவதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து நிற்கும். அந்த மின்னஞ்சல் இருவருக்கும் சேர்ந்து வரும்படி செய்யுங்கள். ஒருவர் மட்டும் அதைப் பார்த்து, மற்றவரை வருத்தக் கூடாதென்று மறைத்து, பணத்தை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது வீட்டுக்குள் ஒரு சுவரை எழுப்பிவிடும்.

ஊர் திரும்பிய பிறகு

சோகம் சில வாரம் இருப்பது இயல்பு. தூக்கமும் உணவும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குலைந்திருந்தால், எதிலும் நாட்டமில்லாமற்போனால், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், உதவி தேடுங்கள். இந்தியாவில் இருக்கும்போது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767 ஆகிய எண்கள் உள்ளன. இங்கே உங்களுக்கு ஆலோசனை கூறியவர் திரும்பிய பிறகும் காணொளியில் பேசுவாரா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். உங்களை முதலிலிருந்து அறிந்த ஒருவரிடம் பேசினால், கதையை மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. உங்கள் அலுவலகத்திலும் தெருவிலும், உங்களைப் போலவே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள்.

உங்களை விமான நிலையத்தில் அழைக்க வருபவர் யார் என்பதையும் பெங்களூருக்குச் சீட்டு வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டாம் முறை நாங்கள் பரிசோதனை முடிந்து நான்கு நாள் இங்கே தங்கினோம். இருவரும் மாறி மாறி அழுதோம், தூங்கினோம், ஒரு மாலை ஏரிக்கரை வரை நடந்தோம். இரவு விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கையும், என் பக்கத்தில் கணவரும் இருக்கும்படி முன்பே பதிவு செய்திருந்தோம். மஸ்கட்டில் எங்களுக்காக வந்து நின்ற தோழிக்கு எல்லாம் தெரியும். பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார், வழியில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுச் சாவியை முன்பே அவரிடம் கொடுத்துச் சென்றிருந்தோம். கதவைத் திறந்தபோது அடுப்பின் மேல் மிளகு ரசம் சூடாக இருந்தது.